ஞாயிற்றுக்கிழமைப் பேட்ச்கள்

எங்கள் லினக்ஸ் குழுவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "நான் புதுசா என்ன ப்ராஜெக்ட் ஆரம்பிக்கலாம்?" இப்போதைக்கு ஒன்றும் ஆரம்பிக்க வேண்டாம், இருப்பதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பேன். சிலருக்கு முகம் வாடிவிடும், அடுத்த வாரம் வர மாட்டார்கள். மறுபடியும் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குழுவின் சர்வர் என்று நாங்கள் சொல்வது பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில், அலமாரிக்கு மேலே, யூபிஎஸ்ஸோடு உட்கார்ந்திருக்கும் பழைய டெஸ்க்டாப்பைத்தான். டெபியன் ஓடுகிறது. அதில் சில கிட் களஞ்சியங்கள். முக்கியமானது ஒரு எழுத்துரு மாற்றி. பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று யூனிகோடு பரவும் முன்னால் தமிழை அடித்து வைத்த முறைகளிலிருந்து உரையை யூனிகோடுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. மற்றவை அதற்குத் துணையாக வந்து சேர்ந்தவை: அகரவரிசைப்படுத்தும் ஸ்கிரிப்ட், ஹன்ஸ்பெல்லுக்கான சொற்பட்டியல், புத்தகத்தின் கடைசியில் போடும் சொல்லடைவை எடுத்துக் கொடுக்கும் நிரல். எதற்கும் கவர்ச்சியான பெயர் கிடையாது. மாற்றியை 'மாற்றி' என்றே கூப்பிடுகிறோம். சிறு பதிப்பகத்தார், கோவில் கொடை மலர் போடுகிறவர்கள், சிடியில் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை வைத்துக்கொண்டு திறக்க வழி தெரியாமல் இருப்பவர்கள் என்று இதைத் தேடி வருகிறவர்கள் வருகிறார்கள்.

பகலில் நான் ஒரு கல்லூரி லேபில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். குழுவின் வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கணினி படித்தவரல்ல, அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த கம்பாசிட்டர். டிடிபி வந்தபோது பேஜ்மேக்கர் பழகி, சொந்தமாகக் கடை போட்டு, பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்கள் குழுவுக்கு வந்தார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. பைத்தானை அவர் எங்களிடம் கற்றுக்கொண்டார். பேட்ச் வாசிக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

டிஃப் வந்தால் அண்ணாச்சி திரையில் வாசிக்க மாட்டார். பிரிண்ட் எடுப்பார். எவர்சில்வர் ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைத்து, கழித்தல் வரியை முதலில், கூட்டல் வரியை அடுத்து, இரண்டையும் வாய்விட்டு வாசிப்பார். வரி முடிந்தால்தான் ஸ்கேல் இறங்கும். புரூஃப் பார்த்த பழக்கம். கோத்தவனே புரூஃப் பார்க்கக் கூடாது என்பது அச்சகத்து ஏற்பாடு. எங்கள் குழுவிலும் தன் பேட்சைத் தானே மெர்ஜ் செய்யக் கூடாது. அண்ணாச்சி எழுதிய பேட்சும் இன்னொருவர் கண்ணுக்குப் போய்த்தான் உள்ளே வரும். "இந்த வரி எதுக்குடே இங்க வந்துச்சு?" என்பது அவர் அதிகம் கேட்ட கேள்வி. பதில் சொல்ல முடியாத வரியை அவர் அடிக்க மாட்டார், நம்மையே அடிக்கச் சொல்வார்.

மாற்றிக்குள் இருக்கும் சிக்கலை 'வெளியீடு' என்ற ஒரு சொல்லிலேயே காட்டிவிடலாம். பழைய எழுத்துருக்கள் 256 இடங்களுக்குள் அடங்க வேண்டியவை. ஆங்கிலத்துக்குப் பாதி போனால் மிச்சத்தில் 247 எழுத்தும் நுழையாது. அதனால் துண்டு துண்டாக வைத்தார்கள். கொம்பு தனி, கால் தனி, நடுவில் நிற்கிற எழுத்து தனி. கோப்பிலும் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே இருக்கும். 'கொ' என்றால் கொம்பு, க, கால். யூனிகோடில் ககரம் முதலில் வர வேண்டும், குறி பின்னால். இந்த இடமாற்றம் ஒரு மணி நேர வேலை. ஔகாரத்தில்தான் மாட்டும். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்று, பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே துண்டுதான். கொம்பு, வ, ள என்று மூன்று துண்டுகள் வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா?

நீளமானதை முதலில் பொருத்து என்று நிரல் எழுதுகிறவன் எவனும் 'வௌ' என்றே எடுப்பான். அதன் தலையில் அடுத்த 'ி' வந்து உட்காரும். 'வௌியீடு' ஆகிவிடும். இணையத்தில் இப்படிக் கிடக்கும் 'வௌியீடு'களும் 'தௌிவு'களும் 'வௌ்ளை'களும் இந்த வழியில் பிறந்தவை. சில எழுத்துருக்களில் கண்ணுக்குக் கிட்டத்தட்டச் சரியாகவே தெரிந்துவிடும், அதனால் யாரும் திருத்துவதில்லை. 'வெளியீடு' என்று தேடினால்தான் கிடைக்காது.

இதற்கு ஒரு கல்லூரி மாணவர் பேட்ச் அனுப்பியிருந்தார். வெளி, வெள்ளி, வெள்ளை, தெளிவு, நெளிவு என்று தவறாக மாறும் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்தும் பட்டியல். உழைத்திருந்தார். பிரிண்ட் பக்கம் பக்கமாக வந்தது. அண்ணாச்சி இரண்டு பக்கம் ஸ்கேலை ஓட்டிவிட்டு நிறுத்தினார். "ஏடே தம்பி, ஔ மேல கொக்கி போட முடியுமா?" என்று கேட்டார். முடியாது. ஓரெழுத்துக்கு இரண்டு உயிர்க்குறி வராது, உயிர்க்குறிக்கு மேலே புள்ளியும் வராது. ஆகவே அந்தத் துண்டுக்கு அடுத்து இன்னொரு குறியோ புள்ளியோ நின்றால், அது ஔகாரத்தின் வால் அல்ல, ளகரம். ஒரு துண்டு முன்னே எட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் போதும். மௌனமும் பௌர்ணமியும் வௌவாலும் அப்படியே நிற்க, வெளியும் தெளிவும் சரியாகிவிட்டன. பக்கம் பக்கமாக இருந்த பட்டியல் மூன்று வரியானது. அந்த மூன்று வரியையும் மாணவரே எழுதினார், அவர் பெயரிலேயே கமிட் ஆனது. எந்த எழுத்தின் பக்கத்தில் எது நிற்கும், எது நிற்காது என்று கேஸிலிருந்து ஈய எழுத்தைப் பொறுக்கிய கைக்குத் தெரிந்திருக்கிறது.

யூனிகோடு வந்த பிறகும் கொம்பையும் ளகரத்தையும் அடித்து 'கெளரவம்', 'மெளனம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே விதி உதவாது, சொற்பட்டியல்தான் வேண்டும். விதி எங்கே முடிகிறது, பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்வதில்தான் இந்தத் தொழிலில் பாதி நேரம் போகும்.

இன்னொரு தொல்லை ரகரம். பல எழுத்துருக்களில் ர் என்று புள்ளி வைத்தால் ரகரத்தின் கீழ்க்கோடு மறைந்து, வெறும் கால் போல நிற்கும். 'ரி'யும் அப்படியே. பழைய தட்டச்சில் பழகிய கை அங்கே காலையே அடித்துவிடும். 'அவர்' என்பது 'அவா்' ஆகும். 'பெரிய' என்பது 'பொிய' ஆகும். காகிதத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு பதிப்பகத்தாரின் தொகுப்பு நூலில் பெரியாரைத் தேடினால் பாதிப் பக்கங்கள் வரவில்லை, காரணம் இதுதான். இதைச் சரிசெய்வது சுலபம். காலுக்குப் பின்னால் புள்ளியோ கொக்கியோ தமிழில் வரவே வராது, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ரகரமாக்கலாம்.

கண்ணை மூடக் கூடாத இடமும் இதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களை ஓசிஆரில் எடுத்தால் ரகரமும் காலும் இடம் மாறிக் கிடக்கும். 'மாம்' என்று வந்தால் மரம் என்று ஊகிக்கலாம். 'காடி' என்று வந்தால்? அது கரடியாக இருக்கலாம், புளித்த காடியாகவும் இருக்கலாம். பரவையும் பாவையும் இரண்டுமே சொற்கள். அகராதியை வைத்துத் தானாகத் திருத்தும் ஒரு பேட்ச் வந்தது, பைத்தானில் அழகாக எழுதப்பட்டது. பழைய செய்யுள் நூல் ஒன்றில் ஓட்டிப் பார்த்தோம். கடலைப் பற்றிய பாட்டில் பரவை எல்லாம் பாவையாகிவிட்டது. அண்ணாச்சி அந்த பேட்சைச் சேர்க்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. திருத்தும் பகுதியை எடுத்துவிட்டு, சந்தேகமான இடங்களைப் பக்க எண்ணோடு பட்டியலிடும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். முடிவு மனிதர் கையில். இன்று எங்கள் நிரல்களில் பதிப்பாசிரியர்கள் அதிகம் கேட்டு வாங்குவது அந்தப் பட்டியலைத்தான்.

சோதனைக் கோப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒவ்வொரு பிழையும் எங்களிடம் ஒரு வரியாகப் போய்ச் சேரும். இடப்பக்கம் உள்ளே வந்த துண்டுகள், வலப்பக்கம் வெளியே வர வேண்டிய சொல். நிரலைத் திருத்துவதற்கு முன் அந்த வரியைச் சேர்த்து, சோதனை தோற்கிறதா என்று பார்க்க வேண்டும். தோற்காவிட்டால் பிழையைப் பிடிக்கவில்லை என்று பொருள். பிறகுதான் நிரலில் கை வைப்பது. மாற்றியை மூன்று முறை முழுதாகத் திருப்பி எழுதிவிட்டோம், பெர்லில் தொடங்கியது இப்போது பைத்தானில் இருக்கிறது. சோதனைக் கோப்பு மட்டும் முதல் வரியிலிருந்து அப்படியே வளர்ந்து வருகிறது. என்னைக் கேட்டால் குழுவின் சொத்து நிரல் அல்ல, அந்தக் கோப்புதான்.

அதில் இடம்பிடித்திருக்கும் சில வரிகளைச் சொல்கிறேன், நீங்களும் எழுதப் பழகலாம். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறியீடு, யுடிஎஃப்-8இல் 15 பைட். பட்டியல் அச்சடிக்கும் நிரலில் சொல்லை இத்தனை குறியீட்டோடு வெட்டு என்று எழுதினால் 'தமிழ' என்று புள்ளியில்லாமல் நிற்கும். வெட்டும் இடம் எழுத்தின் எல்லையாக இருக்க வேண்டும். 'ொ' ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். இரண்டும் ஒன்று என்று யூனிகோடு ஒத்துக்கொள்ளும், எழுத்துச் சரங்களை ஒப்பிடும் நிரல் ஒத்துக்கொள்ளாது. ஆகவே உள்ளே வந்ததும் ஒருமுகப்படுத்திவிட வேண்டும். ஏழைக் குறிக்கும் ௭ என்ற இலக்கமும் எகர எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. யாரோ 'எழுத்து' என்பதை ௭ போட்டு அடித்திருந்தார்கள், அது அகரவரிசையில் எங்கோ போய் நின்றது. கண்ணுக்கே தெரியாத, அகலமில்லாத இணைப்புக் குறிகள் சொல் நடுவில் ஒளிந்திருக்கும். ஸ்ரீயை இரண்டு விதமாக அடிக்கலாம், கோவில் மலர்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்து வரும்.

அகரவரிசையும் சாதாரணமாக வராது. யூனிகோடு தமிழ் அட்டவணை, இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியீட்டு முறையின் தேவநாகரி அச்சில் வார்த்தது. அதனால் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது, ளகரம் ழகரத்துக்கு முன்னால் நிற்கிறது. குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் பனை, பல், பழம் என்று வரும். நம் அகராதி வரிசை பல், பழம், பனை. சொல்லடைவை அச்சுக்கு அனுப்பும் முன் இந்த மூன்று சொல்லையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். சரியாக வந்தால் மிச்சமும் பெரும்பாலும் சரியாக வரும்.

கமிட் செய்தி எழுதுவதைப் பிள்ளைகள் ஒரு சடங்கு மாதிரி செய்கிறார்கள். 'பக் சரிசெய்யப்பட்டது' என்று எழுதினால் அண்ணாச்சி திருப்பி அனுப்புவார். எந்தச் சொல்லில், எந்த எழுத்துருவில், என்னவாக வந்தது, என்னவாக வர வேண்டும் என்று எழுத வேண்டும். இன்னொரு ஏற்பாடு, ஒரு பேட்சில் ஒரு காரியம். ரகரத்தைத் திருத்துகிற பேட்சில் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தாதே, மாறிகளின் பெயரை மாற்றாதே, அவற்றைத் தனியாக அனுப்பு. இதன் அருமை நாலு வருஷம் கழித்து ஏதோ ஒன்று உடையும்போது தெரியும். கிட்டில் பைசெக்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆயிரம் கமிட்டுகளில் எது குற்றவாளி என்று பாதிப் பாதியாகப் பிரித்து, பத்துச் சோதனையில் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த கமிட்டில் ஒரே ஒரு காரியம் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம். பத்துக் காரியம் கலந்திருந்தால் அந்த ஞாயிறு போயிற்று.

பெரிய நிறுவனங்கள் இலவசமாக இடம் தருகின்றனவே, மாடி அறையில் சர்வர் எதற்கு என்று கேட்பார்கள். அங்கேயும் ஒரு நகல் வைத்திருக்கிறோம், விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் கூகுள் கோட் 2006இல் வந்து 2016இல் மூடியது. கிட்டோரியஸ் 2015இல் மூடியது. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் லிசாட்டர் என்ற மாணவர் கணினிச் சங்கம் 1973இல் தொடங்கியது, இன்னும் இருக்கிறது. குனு டிஎல்எஸ் நம்பியிருக்கிற நெட்டில் என்ற குறியாக்க நூலகத்தின் களஞ்சியம் அந்தச் சங்கத்தின் சர்வரில் இருக்கிறது. நார்டிக் நாடுகளின் பழைய நூல்களை மின்னூலாக்கும் ரூனெபெர்க் திட்டமும் 1992இல் அங்கேதான் தொடங்கியது. நம் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, யூனிகோடுக்கு வரும் முன் நூல்களை டிஸ்கியில் வெளியிட்டது நினைவிருக்கும். இந்த மாதிரி வேலைக்குச் சம்பள ஆள் வேண்டியதில்லை, விட்டுப் போகாத சங்கம் வேண்டும்.

சங்கம் என்றால் பொறுப்பும் சங்கத்துடையதே. ஒருமுறை எங்கள் சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் தினமும் இரவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திறந்து பார்த்தால் பேக்கப் டிஸ்க் எப்போதோ நிரம்பி, அதற்குப் பிறகு எழுதிய கோப்புகள் எல்லாம் பூஜ்யம் பைட். கிட்டில் ஒவ்வொருவர் நகலும் முழு வரலாற்றோடு இருக்கும் என்பதால் நிரல் பிழைத்தது. பிழைப் பட்டியலும் அதில் பதிப்பகத்தார் எழுதிய குறிப்புகளும் போயே போயின. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் விரித்து, சோதனைகளை ஓட்டிப் பார்க்கிறோம். விரித்துப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரூட் கடவுச்சொல் எப்போதும் இரண்டு பேரிடம் இருக்கும். பிழைக் குறிப்புகளும் இப்போது சாதாரண உரைக் கோப்புகளாகக் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கின்றன.

வேண்டாம் என்று சொல்வதையும் பழக வேண்டும். அழகான எழுத்துரு ஒன்றை மாற்றியோடு சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டு ஒருவர் கோப்பையே அனுப்பினார். உரிமம் என்ன என்று கேட்டோம், எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்றார். எல்லாரும் பயன்படுத்துவது உரிமம் ஆகாது. லோகித் போன்ற கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன, அவற்றைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதினோம். அவருக்கு வருத்தம்தான். சோதனைத் தரவைச் சுருக்கப்பட்ட பைனரியாக அனுப்புகிறவர்களிடமும் பிரித்து, வாசிக்கக்கூடிய உரையாக அனுப்பச் சொல்வோம். முன்பெல்லாம் இதற்குக் கோபப்படுவார்கள். 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலில் சோதனைக் கோப்புக்குள்ளேயே கள்ளக் கதவை ஒளித்து வைத்த விவகாரம் வெளிவந்த பிறகு யாரும் கோபப்படுவதில்லை. அதை ஒளித்து வைத்த ஆள் நல்ல பேட்ச்களாக அனுப்பி அனுப்பித்தான் நம்பிக்கை சம்பாதித்திருந்தார். தெரிந்தவர் அனுப்பிய பேட்சுக்கும் ஸ்கேல் உண்டு.

மறுத்தாலும் பதில் எழுதாமல் இருக்கக் கூடாது. முதல் பேட்ச் அனுப்பிய பிள்ளை ஒரு வாரம் காத்திருக்கும், இரண்டு வாரம் காத்திருக்கும், அதற்கு மேல் வராது. 'பார்த்தேன், அடுத்த ஞாயிறு வாசிக்கிறேன்' என்று ஒரு வரி போதும். எங்களிடம் நிலைத்தவர்களில் பெரும்பாலானோர் முதல் பேட்ச் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். திருப்பியதற்கான காரணத்தை வரி வரியாக எழுதி அனுப்பியிருந்தோம். ஔகாரப் பட்டியல் எழுதிய மாணவர் இப்போது மாற்றியின் மெயின்டெய்னர்.

அண்ணாச்சிக்குக் கண் முன்போல் இல்லை, மாதத்துக்கு ஒருமுறைதான் மாடி ஏறுகிறார். பேட்ச் வாசிக்க ஆள் போதவில்லை. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழைப் பிழையில்லாமல் வாசிப்பவராகவும், ஒரு வரியில் நின்று பார்க்கக் கூச்சப்படாதவராகவும் இருந்தால் போதும். பைத்தானை ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வீட்டிலோ அச்சகத்திலோ பழைய பாமினிக் கோப்புகள் கிடந்தால் பென்டிரைவில் கொண்டுவாருங்கள், சோதனைக்கு எங்களுக்கு வேண்டும். நகலைக் கொண்டுவாருங்கள், மூலத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.